பெட்டிக்குக் காசு வாங்கிவிட்டு லாகின் தந்திருக்கிறீர்கள்

பெறுநர்: குறைதீர் அதிகாரி அவர்கள்
பொருள்: மூன்றாம் பெட்டியில் விதிப்புத்தகமும் பூத அட்டைகளும் இல்லாதது

ஐயா / அம்மா,

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் கடையின் மொட்டை மாடியில் ஏழு பேர் கூடி, பகடை உருட்டிப் பூதங்களோடு மோதும் உங்கள் மேசை ஆட்டத்தை ஆடுவோம். நான், என் அக்கா மகன், பாகாயத்திலிருந்து வரும் ஒரு நர்ஸ், குடியாத்தத்திலிருந்து ரயிலேறி வரும் லுங்கி வியாபாரி, மீதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். முதல் இரண்டு பெட்டிகளிலும் பெரிய குறை இல்லை. 96 பக்க விதிப்புத்தகத்தின் தையல் ஆறு வருடமாகியும் பிரியவில்லை. தொழில் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன், நல்ல பைண்டிங்.

மூன்றாம் பெட்டியை உங்கள் இணையக் கடையில் 3,800 ரூபாய்க்கு வாங்கினோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்ட காசு. திறந்தால் பதினொரு பொம்மை, ஒரு செட் பகடை, புத்தகம் இருக்க வேண்டிய பள்ளத்தில் கியூஆர் கோடு அச்சடித்த ஒரு துண்டு அட்டை. விதிகளும் பூத அட்டைகளும் ஆப்புக்குள்ளாம். பெட்டியோடு ஒரே ஒரு லாகின். இன்னொருவர் தன் போனில் பார்க்க மாதம் 199 ரூபாய் சந்தா. ஆப் வேண்டும் என்ற விஷயம் பெட்டியின் அடியில், பார்கோடுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் இருக்கிறது. வாங்கிய பக்கத்தில் அதுவும் இல்லை.

சரி, ஆடித்தான் பார்ப்போம் என்று ஏழு பேரும் ஒரே போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டோம். கத்திரி வெயில் காலம். ஏழரைக்குக் கரண்ட் போனது. அது வழக்கம்தான், எமர்ஜென்சி விளக்கு இருக்கிறது. ஆனால் கூடவே வைஃபையும் போக, ஆப் மறுபடி லாகின் கேட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தது. பூதத்துக்கு எத்தனை உயிர் மிச்சம் என்று யாருக்கும் தெரியவில்லை. குடியாத்தம் அண்ணன் ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அந்தப் பூதம் இன்றுவரை சாகவில்லை.

உங்கள் சேவை மையத்தில் கேட்டதற்கு, பிழைகளை உடனே திருத்தவும் திருட்டு நகலைத் தடுக்கவும்தான் ஆப்புக்கு மாறினோம் என்றார்கள். முதல் காரணம் நியாயம். இரண்டாம் பெட்டியில் அம்பு பாயும் தூரம் தப்பாக அச்சாகி, ஒரு மாதம் எங்களுக்குள் சண்டை. ஆனால் அடுத்த காரணத்தை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். போன வருடம் ஒரு பையன் உங்கள் விதிப்புத்தகத்தை முழுசாக ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்தான். பத்து நிமிட வேலை. மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வா என்றேன். மேலே சொன்ன கல்லூரிப் பிள்ளைகளில் அவனும் ஒருவன். இந்த 3,800இல் அவன் காசும் இருக்கிறது.

இந்த வகை ஆட்டங்களுக்கு மூத்ததான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் மூன்று சின்னப் புத்தகங்களாக வந்தது. அவற்றை வைத்திருப்பவர் யாரையும் கேட்காமல் இன்றைக்கும் ஆடலாம். அதே ஆட்டத்தின் பிடிஎஃப்களை 2009 ஏப்ரலில், இதே திருட்டு நகல் காரணத்தைச் சொல்லி, திடீரென விற்பனையிலிருந்து எடுத்தார்கள். மறுபடி விற்க 2013 ஆனது. நாளைக்கு நீங்கள் சர்வரை நிறுத்தினால் எங்களுக்கு மிஞ்சுவது பதினொரு பொம்மை.

ஆப் இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. எங்களுக்கு அச்சடித்த விதிப்புத்தகமும் அட்டைகளும் அனுப்புங்கள், தபால் செலவை நாங்கள் கட்டுகிறோம். முடியாதென்றால் பூட்டில்லாத பிடிஎஃப் ஒன்று கொடுங்கள், ஒரே ஒரு பிரதி நானே அடித்துக்கொள்கிறேன். அதுவும் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

2020இன் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதுவரை பொறுத்திருப்போம். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசிவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். வாங்கிய ரசீதும் பெட்டியின் படங்களும் இத்துடன் இருக்கின்றன.

பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் பகடையில் ஒன்று குறையும். அன்றைக்கு இருட்டில் மாடியிலிருந்து விழுந்தது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்