கியூஆர் அட்டையைக் கழற்றினால் வரி விடாது

ஆசிரியருக்கு,

2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவை வைத்து வரி கேட்டு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல சிறு கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி மாட்டின. பிழைக்க வந்த நம்மவர் கடைகளும் அதைச் செய்தன. ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டு முழுக்க நடந்த விற்பனை அத்தனைக்கும்தான்; பணத்தை ரொக்கமாக வாங்கினாலும் விற்பனைக் கணக்கு குறையாது.

சரக்கு மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். டீ, டிபன் போட்டால் அது சேவை. வரம்பு 20 லட்சம், அதாவது நாளைக்குச் சுமார் 5,500 ரூபாய். பேக்கரி ஓரத்தில் டீ பாய்லர் வைத்தவர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். பால், காய்கறி மட்டும் விற்றால் பதிவே தேவையில்லை. கூடவே சோப்பும் பிஸ்கட்டும் வைத்தால், பால் விற்ற பணமும் வரம்புக் கணக்கில் சேரும். வரிதான் அதற்குக் கிடையாது.

நோட்டீஸில் இருக்கும் தொகை வரவுதான், விற்பனை அல்ல. சீட்டு எடுத்த பணம், கைமாற்று, ஊரிலிருந்து அண்ணன் போட்டது எல்லாம் அதில் கலந்திருக்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொன்றாகக் குறித்து, பால் ஏஜென்ட் பில்லையும் சேர்த்துக் கெடுவுக்குள் பதில் தர வேண்டும். கன்னடத்தில் இருக்கிறதே என்று மடித்து வைத்தால் அத்தனையும் விற்பனையாகிவிடும். காம்போசிஷன் என்பது சிறு கடைகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய திட்டம்; அதன் ஒரு சதவீத வரியைப் பழைய ஆண்டுகளுக்கும் போடும்படி கடைக்காரர் கேட்க முடியாது.

சரி, இனியாவது பதிவு செய்வோம் என்றால் கடை முகவரிக்குச் சான்று வேண்டும். வெளியூர்க்காரருக்கு முடிச்சு இங்கேதான். அட்வான்ஸ் லட்சக்கணக்கில் கொடுத்திருப்பார், கையில் துண்டுச் சீட்டும் இருக்காது. வாடகை வருமானம் வெளியே தெரியும் என்று உரிமையாளர் கையெழுத்துப் போடமாட்டார். வாடகை ஒப்பந்தம் இல்லாதவர் பிரமாணப் பத்திரமும், தம் பெயரிலுள்ள கரண்ட் பில் போன்ற ஆவணமும் தரலாம் என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியது. ஆனால் மீட்டர் யார் பெயரில் இருக்கிறது?

விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவருக்கு காம்போசிஷன் போதும். கடைக்கு 1%, ஓட்டலுக்கு 5%. காலாண்டு முடிந்த மறுமாதம் 18-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. ஓசூரிலிருந்து சரக்கு வாங்கலாம், ஓசூருக்கு விற்கக் கூடாது. மாநில எல்லை தாண்டிவிடுகிறதே. உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்தால், சாதாரணப் பதிவில் உள்ள கடைக்காரர்தான் வாடகைக்கு 18% கட்ட வேண்டும். காம்போசிஷனில் அந்தத் தொல்லை இல்லை.

புதிதாகக் கடை பிடிப்பவர்கள், 11 மாத ஒப்பந்தத்திலேயே ‘இந்த முகவரியில் ஜிஎஸ்டி பதிவு செய்யச் சம்மதம்’ என்ற வாசகத்தைச் சேர்த்து, உரிமையாளரின் அடையாளச் சான்று நகலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே. மாறிய பிறகு கேட்டால், ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பார்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்,
அல்சூர், பெங்களூரு