வியாழனுக்கு முதல் லாவலுக்குப் போ மச்சான்

மச்சான்,

சுகம்தானே. இஞ்சை ரொறொன்ரோவில எல்லாரும் சுகம், பெரியவள் வேலையோட ஓடித்திரியிறாள், சின்னவன் அதே கதைதான். மச்சாள் ஊரில பொங்கல் முடிச்சிட்டுத்தான் திரும்புவா எண்டு கேள்விப்பட்டன், நல்லது, அவவாவது வெயிலில நிக்கட்டும்.

ஐஸ் மழை வருது, கறண்ட் போகும், அதுக்கு முதல் மொன்றியலுக்குப் பக்கத்தில லாவலில இருக்கிற உன்ர மருமகன் வீட்டுக்குப் போ எண்டு நான் கேக்க, நேற்றுப் போனில சொன்னியே, "யாழ்ப்பாணத்தில கறண்டே இல்லாம வருஷக்கணக்கா இருந்த எங்களுக்கு இது என்னடா" எண்டு, அதைக் கேட்டதில இருந்து எனக்கு மனம் சரியில்லை. போனில திருப்பிச் சொன்னா நீ கத்துவாய், இல்லாட்டி ஏதும் பழைய பகிடிக் கதையை எடுத்து என்னைச் சிரிக்க வச்சுப் பேச்சை மாத்திப்போடுவாய். அதுதான் எழுதுறன். முழுக்க வாசி.

உங்கட பக்கத்து போர்காஸ்ற்றை நானும் பாத்தனான். நீ மைனஸ் 25ஐ மட்டும் பாத்திட்டு "இதைவிடக் குளிர் கண்டனாங்கள்" எண்டுறாய். அதுக்கு முதல் நாள் என்ன போட்டிருக்கு எண்டு பாத்தியோ? பிறீசிங் ரெய்ன், விழுந்த இடத்திலயே உறையிற மழை. முதல் மழை, பிறகு குளிர். ஸ்னோ எண்டா எவ்வளவு கொட்டினாலும் பரவாயில்லை, வழிச்சுத் தள்ளலாம். போன வருஷம் பெப்ரவரியில, 2025இல, எங்களுக்கு ஒரு கிழமைக்குள்ள அரை மீட்டருக்கு மேல கொட்டினது, கார் எங்கை எண்டே தெரியேல்லை, ஆனா வீட்டில லைட் எரிஞ்சுது, ஹீற்றர் ஓடினது, பிள்ளையள் பள்ளிக்கூடம் இல்லையெண்டு துள்ளித் திரிஞ்சுதுகள். மழை உறைஞ்சா அப்பிடியில்லை. அது வயரிலயும் மரத்திலயும் ஏறிக் குந்தியிருந்து பாரம் கூட்டிக்கொண்டே போகும்.

1998 ஐஸ் மழை உனக்கு மறந்துபோச்சே? நாங்கள் மொன்றியலில கோட் தே நேஜில அந்த மூண்டாம் மாடியில இருந்த காலம். ஜனவரி 5 தொடங்கின மழை, நிக்குது நிக்குது எண்டு திரும்பத் திரும்பப் பெய்து, மொன்றியலில எல்லாமாக் கிட்டத்தட்ட 100 மில்லிமீட்டர். பாரமான குளிர்காத்து சென் லோறன்ஸ் பள்ளத்தாக்குக்குள்ள கீழ கிடக்க, தெற்கால வந்த சூட்டுக்காத்து அதுக்கு மேல ஏறி மழையாக் கொட்டினது, அது கீழ வந்து பட்ட இடத்திலயே ஐஸாப் போச்சு. பல்கனிக் கம்பியில நீ நகத்தால தட்டிப் பாத்தனி, கண்ணாடி மாதிரி வடிவா இருந்தது, உள்ளுக்குள்ள கறுப்புக் கம்பி அப்பிடியே தெரிஞ்சுது. இரவிரவா மவுண்ட் றோயல் மலைப் பக்கமிருந்து கொப்பு முறியிற சத்தம். வெள்ளிக்கிழமை, 9ஆந் திகதி, தண்ணி சுத்திகரிக்கிற இடங்களுக்கே கறண்ட் போய்ட்டுது, ஐஸ் விழுகுதெண்டு பாலங்களையும் பூட்டினவை. பெரிய இரும்புக் கோபுரங்கள் ஆயிரத்துக்குக் கிட்ட மடிஞ்சு விழுந்தது. முப்பது லட்சம் சனத்துக்கு மேல இருட்டில. கிரான்பி, சென் ஜோன் பக்கத்தில சில ஆக்களுக்கு ஒரு மாசத்துக்குப் பிறகுதான் கறண்ட் வந்தது.

அப்ப எங்களைக் காப்பாத்தினது ஆர்? மூண்டாம் மாடி அம்மாதான். அவவின்ர கட்டில் ரெண்டையும் ஒரு அறைக்குள்ள இழுத்து, கதவிடுக்கில சீலையை அடைஞ்சு, ஒன்பது பேரையும் ஒண்டாப் படுக்க விட்டா. எல்லாரும் ஒரு அறைக்குள்ள இருந்ததாலதான் தப்பினம். நீ இப்ப தனிய இருக்கிறாய், அதை யோசி.

அடுத்த வருஷம் நான் இஞ்சை வந்த பிறகு, 99 ஜனவரியில ரொறொன்ரோவில ஒரு மாசத்தில 118 சென்ரிமீற்றர் ஸ்னோ கொட்டி, மேயர் மெல் லாஸ்ற்மன் ஆமியைக் கூப்பிட்டதுக்கு நீ போன் எடுத்து எடுத்துச் சிரிச்சாய், இப்பவும் எந்தக் கலியாண வீட்டில கண்டாலும் "என்னடா, ஆமி வந்ததோ" எண்டுதான் கேக்கிறாய். சிரி, பரவாயில்லை. ஆனா உனக்கு நான் சொல்லாத ஒண்டு இருக்கு. அண்டைக்கு ஆமி வாகனம் எங்கட ரோட்டால வரேக்க என்ர அம்மா திரையை இழுத்து மூடிட்டு என்னைப் பின்னுக்குப் போ எண்டவ. பிறகு மெல்ல விலத்திப் பாத்தா, ஆமிப் பெடியன் ஒருத்தன் ஷவலோட நிண்டு பஸ் ஸ்ரொப்பில ஸ்னோ அள்ளிக்கொண்டிருக்கிறான். அவ கனநேரம் அந்த ஜன்னலை விட்டு அசையேல்லை. பிறகு "தேத்தண்ணி குடுக்கலாமோ" எண்டு கேட்டவ.

சரி, விஷயத்துக்கு வாறன். 2013 டிசம்பர், நத்தாருக்குக் கொஞ்சம் முன்னம், அதே மாதிரி ஐஸ் மழை இஞ்சை. நகரத்தில மூண்டு லட்சம் வாடிக்கையாளருக்குக் கறண்ட் இல்லை, ஸ்காபரோவில கனபேருக்கு நத்தார் கழிஞ்சும் வரேல்லை. எங்கட ரோட்டில எங்கட ஆக்கள் ஒரு குடும்பம், நல்ல சனம், கராஜுக்குள்ள பார்பிகியூ அடுப்பைக் கொண்டுபோய்க் கரியைப் பத்தவச்சு, வீட்டுக்குள்ள போற கதவைத் திறந்து விட்டிருக்கினம், சூடு வரட்டுமாம். பொழுதுபட பிள்ளையளுக்குத் தலையிடி, சத்தி. நல்லகாலம், பக்கத்து வீட்டுக்காரர் தட்டினார், பயர் ட்ரக் வந்தது, எல்லாரும் தப்பினது. அந்த மனுசனும் உன்னை மாதிரித்தான் சொல்லிக்கொண்டிருந்தவர், ஊரில அடுப்படியில விறகு எரிச்ச எங்களுக்கு என்ன எண்டு.

மச்சான், ஊரில எங்கட குசினியில புகைக்கூடு இருந்தது, ஓட்டு இடுக்கால காத்து வந்தது, கதவு எந்த நேரமும் திறந்து கிடந்தது. இஞ்சத்தை வீட்டைக் காத்துப் போகாமக் கட்டியிருக்கிறான். கரி, மண்ணெண்ணை, ஜெனரேற்றர் எதை உள்ளுக்க எரிச்சாலும் கார்பன் மொனொக்சைட் அப்பிடியே நிக்கும், மணம் இல்லை, நிறம் இல்லை, நித்திரையாக்கிப் போடும். 98இலயும் சனம் குளிரால மட்டும் சாகேல்லை, இதாலயும் செத்தது. 90இல கறண்ட் போய் ஜாம் போத்தில் விளக்கில நாங்கள் படிச்சது உண்மை, சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டது உண்மை. ஆனா அங்கை இரவில சாரத்தோட முத்தத்தில படுத்தனாங்கள். உங்கை மைனஸ் 25.

உன்ர வீட்டில சுவர்க்கரையில இருக்கிற எல்லா ஹீற்றரும் கறண்டில ஓடுறது. கறண்ட் போனா ஒண்டும் இல்லை. எங்களுக்கு காஸ் எண்டாலும் வீட்டைச் சூடாக்கிற பேர்னஸின்ர காத்தாடி சுத்தக் கறண்ட் வேணும்தான், ஆனா கீழ இருக்கிற பழைய பயர்பிளேஸ் கறண்ட் இல்லாமலும் எரியும். உனக்கு அதுவும் இல்லை. நெஞ்சில ஸ்டென்ட் வச்ச ஆள், வாசலில ஐஸ் கொத்தப் போறன் எண்டு நீ வெளிக்கிட்டா ஆர் பாக்கிறது?

மருமகன் வீட்டில போய் நிக்கிறது சரியில்லை எண்டுறாய். மச்சான், அந்தப் பெடியன் எனக்கே போன் எடுத்து "மாமாவை வரச்சொல்லுங்கோ, நான் கேட்டா மாட்டன் எண்டுறார்" எண்டு கெஞ்சுறான். அவையளின்ர கட்டடத்தில ஜெனரேற்றர் இருக்காம். இதில என்ன மானம் மரியாதை? புதன் பின்னேரம் அவன் காரோட வந்து நிப்பான், மழைக்கு முதல் வெளிக்கிடு. பிரஷர்க் குளிசையை மறக்காத, ரெண்டு கிழமைக்கு எடு. தண்ணி மெயினைப் பூட்டிட்டுப் பைப்பெல்லாத்தையும் திறந்து வடிய விடு, இல்லாட்டி உறைஞ்சு வெடிக்கும். பிரிட்ஜில இருக்கிற மீன் குழம்பையும் கொண்டுபோ, மகளுக்கு விருப்பம்.

வியாழன் இரவு எட்டு மணிக்கு எடுப்பன், லாவல் வீட்டு நம்பருக்குத்தான் எடுப்பன். நீதான் தூக்க வேணும்.

உன்ர மச்சான்