எங்களிடம் இல்லாத கருவிக்கு நீங்கள் கொடுத்த 'சரி'

அனுப்புநர்:
உடற்கல்வி இயக்குநர் (வளாகப் பாதுகாப்புப் பொறுப்பு),
கலை அறிவியல் கல்லூரி,
கிழக்குக் கடற்கரைச் சாலை, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மருத்துவக் கருவி விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: ஏ.இ.டி. கருவிகளை (தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவிகள்) பரிசோதிக்காமலே 'சரி' என்று அறிக்கை கொடுத்தது, காலாவதியான பேட் (ஷாக் கொடுக்க நெஞ்சில் ஒட்டும் பட்டை), துருப்பிடித்த பெட்டி குறித்த புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்திடம் வாங்கிய மூன்று ஏ.இ.டி. கருவிகள் எங்கள் கல்லூரியில் இருக்கின்றன. அலுவலகக் கட்டடத்தில் ஒன்று, விளையாட்டு மைதானத்தில் ஒன்று, மாணவியர் விடுதியில் ஒன்று. மூன்றுக்கும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை முன்பணமாகவே கட்டியிருக்கிறோம். செப்டம்பரில் உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் வந்து போனதாக ஓர் அறிக்கை வந்தது. மூன்று கருவிக்கும் 'பேட்டரி சரி, பேட் சரி, சுயசோதனை சரி' என்று டிக் போட்டிருக்கிறது. விடுதிக் கருவியின் சீரியல் எண்ணும் அதில் தெளிவாக இருக்கிறது.

அந்த விடுதிக் கருவியை ஆகஸ்டிலேயே பழுதுபார்க்க நீங்கள் சென்னைக்கு எடுத்துப் போய்விட்டீர்கள். உங்கள் சர்வீஸ் சென்டர் கொடுத்த ரசீது என் மேசையில் இருக்கிறது. கருவி திரும்பி வந்தது அக்டோபரில். அப்படியென்றால் செப்டம்பரில் உங்கள் ஆள் எங்கள் விடுதியில் எதைத் திறந்து பார்த்து டிக் போட்டார்?

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது "அது கிளரிக்கல் மிஸ்டேக் சார், ரிவைஸ்டு ரிப்போர்ட் அனுப்பிடறோம்" என்றார்கள். மறுநாளே அனுப்பியும் விட்டார்கள். அதில் விடுதிக் கருவியின் வரி மட்டும் நீங்கியிருந்தது. மற்ற இரண்டுக்கும் பழைய டிக் அப்படியே இருந்தது. இல்லாத கருவிக்கே 'சரி' போட்டவர் இருக்கிற கருவிகளை மட்டும் திறந்து பார்த்திருப்பார் என்று எதை வைத்து நம்புவது? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு நானே போய்ப் பார்த்தேன்.

மைதானத்துப் பெட்டியின் கதவு திறக்கவில்லை. கீல் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கடைசியில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் திறந்தோம். உள்ளே கருவியின் நிலைகாட்டி விளக்கு அணைந்து கிடந்தது. பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது. பேட் உறையில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி ஜூலையிலேயே முடிந்துவிட்டது. செப்டம்பர் அறிக்கையில் அதற்கும் 'பேட் சரி'. எப்படியும் பயன்படாது என்று உறையைப் பிரித்துப் பார்த்தோம். ஜெல் காய்ந்து, பழைய பிளாஸ்திரி மாதிரி ஓரம் உரிந்து வந்தது. நெஞ்சில் ஒட்டாத பேட் வழியாகக் கருவி இதயத் துடிப்பைப் படிக்கவும் முடியாது, ஷாக் கொடுக்கவும் முடியாது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலகக் கருவி பரவாயில்லை. விளக்கு பச்சையாக இருக்கிறது. ஆனால் அதிலும் பேட் டிசம்பரோடு முடிகிறது. இந்த பேட்களை நீங்கள் புதிது என்று முழு விலை போட்டுக் கொடுத்தது இந்த ஆண்டு மார்ச்சில். உங்கள் கையேடு பேட்டின் ஆயுள் இரண்டு ஆண்டு என்கிறது. எங்களுக்கு வந்தவை சில மாதமே மிச்சமிருந்த சரக்கு.

இத்தனை நாள் நீங்களே பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பெட்டியில் கண்ணாடி இல்லை; வெளியிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியாது. கதவில் உங்கள் நிறுவனத்தின் சீல். அவசரம் தவிர வேறு எதற்கும் சீலை உடைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது நீங்கள்தான். கோளாறு வந்தால் கருவி பீப் அடிக்கும், உண்மை. வாடைக்காற்று அடிக்கிற மைதானத்தில், மூடிய தகரப் பெட்டிக்குள்ளிருந்து வரும் பீப் யார் காதில் விழும்? பேட்டரி தீர்ந்ததும் அந்தச் சத்தமும் நின்றுவிடுகிறது.

பெட்டியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். விற்கும் முன் உங்கள் ஆட்கள் வந்து 'சைட் சர்வே' செய்தார்கள். அதற்கும் பில் போட்டீர்கள். எங்கள் மைதானச் சுவரிலிருந்து பார்த்தால் மன்னார் வளைகுடா தெரியும். இங்கே கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி என்று எதுவும் உப்புக்காற்றில் தப்புவதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டுக் கட்டினார்கள். பழைய பாலம் 1914 முதல் பட்ட பாடு அப்படி. பாலம் அளவுக்கு யாரும் கேட்கவில்லை. ஆனால் உயிர்காக்கும் கருவியை வைக்கிற பெட்டிக்குச் சாதாரண இரும்புத் தகரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்தா அனுப்புவது? கருவி ஐபி55 தரம் என்று உங்கள் ஆள் பதில் சொன்னார். அந்தத் தரம் தூசியும் தண்ணீர்ப் பீய்ச்சலும் உள்ளே போகாமல் தடுப்பதைப் பற்றியது. உப்பு அரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அப்புறம், அந்தப் பெட்டியை மாட்டிய இடம். மைதானக் காத்திருப்புக் கூடத்தின் மேற்குச் சுவரில், தகரக் கூரைக்கு நேர் கீழே. மே மாதம் பிற்பகலில் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. கருவியை 50 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாது என்று உங்கள் கையேடே சொல்கிறது. இடம் மாற்றித் தரக் கேட்டதற்கு 'ரீலொகேஷன் சார்ஜ்' என்று ஒரு கொட்டேஷன் வந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். மாற்றுவதற்குக் கட்டணம் நாங்களா?

விடுதிக் கருவி சென்னையில் இருந்தவரை மாற்றுக் கருவி தந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. தரவில்லை. காலிப் பெட்டியும் 'இதய அவசரக் கருவி இங்கே' என்ற பலகையும் மட்டும் சுவரில் இருந்தன. விடுதிக் காப்பாளர் அம்மாதான் அந்தப் பலகை மேல் தாளை ஒட்டி, அலுவலகக் கட்டடத்துக்கு ஓடச் சொல்லி எழுதி வைத்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு உங்கள் வாடிக்கையாளர் சேவையில் ஒருவர், "காலேஜ்ல பசங்களுக்கு எங்க சார் ஹார்ட் அட்டாக் வரப்போகுது" என்றார். இதய நோயே இல்லாத இளைஞனுக்கும் பந்து நெஞ்சில் பலமாகப் பட்டு இதயம் தாறுமாறாகத் துடித்து விழ நேரிடுவதுண்டு. பிறவியிலேயே இதயத் தசையில் குறையுள்ள பிள்ளைகள் ஓடும்போது சரிவதும் உண்டு. போகட்டும், வளாகத்தில் இருப்பது மாணவர்கள் மட்டுமா? ஓய்வுபெறப் போகும் பேராசிரியர்கள், விடுதிச் சமையல்காரர்கள், இரவுக் காவலர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் விழுந்து, யாரும் நெஞ்சை அழுத்தாவிட்டால், ஷாக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 108-ஐக் கூப்பிடுவோம், அவர்கள் நன்றாகவே வேலை செய்கிறார்கள். ஆனால் கடற்கரைச் சாலையில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரையிலான நிமிடங்கள் நெஞ்சை அழுத்தும் இரண்டு கைகளுக்கும் அந்தக் கருவிக்கும் உரியவை. எங்கள் மாணவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். எங்கள் பங்குக்குக் கை தயார்.

செப்டம்பரில் வந்த இன்ஜினியரின் வேலைக்கு உலை வைக்க இதை எழுதவில்லை. தென் மாவட்டங்கள் முழுவதையும் அவர் ஒருவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். மாதக் கடைசிக்குள் இத்தனை அறிக்கை வந்தாக வேண்டும் என்றால் மனிதர் பஸ்ஸில் உட்கார்ந்துதான் டிக் போடுவார். இது உங்கள் நிர்வாகத்தின் குறை.

நாங்கள் கேட்பது இதுதான். மைதானக் கருவிக்குப் புதிய பேட்டரியும், மூன்று கருவிகளுக்கும் ஆயுளில் பெரும்பகுதி மிச்சமுள்ள பேட்களும் கட்டணமில்லாமல் வர வேண்டும். தகரப் பெட்டிகளை எடுத்துவிட்டு, விளக்கு வெளியே தெரியும்படி கண்ணாடி வைத்த, உப்பரிப்பைத் தாங்கும் 316 தர எவர்சில்வர் பெட்டியோ ஃபைபர் பெட்டியோ மாட்டுங்கள். மைதானத்தில் அதை நிழலான சுவரில் மாட்டுங்கள். சீல் நிபந்தனையை நீக்குங்கள், எங்கள் ஆட்களே வாரந்தோறும் திறந்து பார்த்துக்கொள்வார்கள். இனி வரும் அறிக்கையில் டிக் வேண்டாம். பேட்டின் காலாவதித் தேதி, பேட்டரி பொருத்திய தேதி, சோதனைக் கருவியில் ஷாக் எத்தனை ஜூல் வந்தது என்ற எண், நிலைகாட்டி விளக்கின் புகைப்படம் ஆகியவை இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். இந்த ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். நடக்காத பராமரிப்புக்குக் கட்டணம் கிடையாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போன் வேண்டாம். இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். மருத்துவக் கருவிகளின் கோளாறுகளைப் பதிவு செய்ய 2015 முதல் நடக்கும் தேசியக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் விவரம் போகும். ஆகஸ்ட் ரசீது, செப்டம்பர் அறிக்கை, 'ரிவைஸ்டு' அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் துருப்பிடித்த கீலின் படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் எங்கள் மைதானத்தில் கல்லூரிகளுக்கு இடையேயான கபடிப் போட்டி நடக்கிறது. மற்றதெல்லாம் முன்பின் ஆனாலும் மைதானக் கருவி அதற்கு முன்பே சரியாகியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உடற்கல்வி இயக்குநர்