தராசில் ஏறிய களி உருண்டை

சென்னிமலை,
கார்த்திகை முதல் வாரம்

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கடைக்குத் தறி நூல் லோடு வந்ததும், ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்ததும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். கண் தெரிய ஆரம்பித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கடைப் படி இத்தனை அழுக்கா கிடக்குதே."

ஜிம்மில் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பதினோரு நாள்தான் போனேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு உன் தங்கச்சி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நான் சிரிக்கவில்லை. என் கதை அதைவிட மோசம். "தொப்பை குறைந்த ரகசியத்தை எழுது" என்று கேட்டிருக்கிறாய். ரகசியம் என்று ஒன்றும் இல்லை, நான் முட்டாளான வரலாறுதான் இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

போன மாசியில் இங்கே ஒரு மண்டபத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். சும்மா போய் விரலை நீட்டினேன். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 148. அப்புறம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எடுத்துப் பார்த்தால் 7.4 சதவீதம். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 5.7 முதல் 6.4 வரை வாசற்படி, 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோய் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். என் வீட்டுக்குள் அது வந்து பாயும் விரித்திருந்தது. இடுப்பு 104 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90 தாண்டினாலே எச்சரிக்கையாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

உடனே எனக்கு ரோசம் வந்துவிட்டது. நம் அப்பச்சியும் அம்மிச்சியும் கம்பும் ராகியும் தின்று எண்பது வயது வரை காட்டு வேலை செய்யவில்லையா? இனிமேல் அரிசிச் சோறே வேண்டாம், மத்தியானமும் ராத்திரியும் களிதான் என்று சட்டம் போட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷம். நொய்யைக் கொதிக்கவிட்டு, நடுவில் ராகி மாவைக் குவித்து, துடுப்பால் குழி குத்தி, மூடி வேகவிட்டு, பிறகு சட்டியைக் காலால் பிடித்துக்கொண்டு அவள் கிண்டுவதைப் பார்த்தாலே பாதி நோய் போய்விடும் போலிருக்கும். தண்ணீரில் கையை நனைத்து நனைத்து, வழுவழுவென்று உருட்டித் தட்டில் வைப்பாள்.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் 7.3. ஒரே ஒரு புள்ளி. மாத்திரையும் சேர்ந்துதான் இந்த லட்சணம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் ஒன்று, நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும், ஒரே கேள்வி கேட்டாள்: "உருண்டை எவ்வளவு பெருசுங்க சார்?"

யாருக்குத் தெரியும்? அம்மா கைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. அன்றைக்கு மத்தியானம் உருண்டையைத் தட்டோடு கடைக்கு எடுத்துப்போய் நூல் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். தட்டைக் கழித்து 620 கிராம். கடைப் பையன்கள் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். அதில் நொய்யும் மாவும் மட்டுமே இருநூறு கிராமுக்குப் பக்கம் இருக்கும். ராகியிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் அளவுக்கு மாவுச்சத்துதான், மாப்ளே. அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சுண்ணாம்புச் சத்து என்று பார்த்தால் அரிசி பக்கத்திலேயே நிற்க முடியாது, நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம். எலும்புக்கு அது நல்லது. அதற்காகச் சர்க்கரை என்னைச் சும்மா விட்டுவிடுமா?

இதைப் பிறகு ஒரு ஆய்விலும் பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்தியது. நம் நாட்டுக்காரர்கள் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம். அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் பலன் இல்லை, மொத்த அளவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, மோர் என்று புரதம் வரவேண்டும் என்று போட்டிருந்தார்கள். 2025இல் வெளிவந்தது. என் தராசு அதற்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே சொல்லிவிட்டது.

ஆகவே இப்போது உருண்டை 250 கிராம். அம்மா முதலில், "ஈக்கு வெச்ச மாதிரி இருக்குது" என்று சொல்லித் தட்டைப் பார்த்து முகம் திருப்பினாள். காலியான இடத்தில் வெஞ்சனம் ஏறிக்கொண்டது. கடைந்த கொள்ளு ஒரு கிண்ணம் நிறைய, இன்னொரு நாள் பச்சைப்பயறு, இன்னொரு நாள் தட்டைப்பயறு. கூடவே ஏதாவது ஒரு கீரை. காலையில் இரண்டு முட்டை. முன்பு சோற்றுக்கு வெஞ்சனத்தைத் தொட்டுக்கொள்வோம், இப்போது வெஞ்சனத்துக்குச் சோற்றைத் தொட்டுக்கொள்கிறேன். அரிசிம்பருப்பு சாதத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. வாரம் ஒரு நாள், பருப்பு தூக்கலாக, நெய்யோடு. அதைக் கேட்டால் டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

அப்புறம் பேக்கரி. நம் கொங்கு நாட்டில் தெருவுக்கு ஒன்று இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய எதிரி. கடையில் ஒரு நாளைக்கு ஆறு டீ ஓடும். ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் என்று கணக்குப் போட்டால் ஐம்பது கிராம் சர்க்கரை, தேங்காய் பன் தனிக் கணக்கு. முதலில் புத்திசாலித்தனமாக நாட்டுச்சர்க்கரைக்கு மாறினேன். கவுந்தப்பாடிச் சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்கே போவது, அது கெடுதல் செய்யுமா என்று நினைப்பு. செய்கிறது. ருசிதான் வேறு, ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இப்போது இரண்டு டீ, இரண்டும் சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கஷாயம் குடிப்பதுபோல இருந்தது. இப்போது வேறு வீட்டில் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் வாயில் வைக்க முடியவில்லை.

உடற்பயிற்சியிலும் இதே மாதிரி ஒரு வீரம் காட்டினேன். மலைக்கோயில் படி 1320 என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் நாம் போட்டி போட்டு ஏறுவோம். 1984இல் ரெட்டை மாட்டு வண்டியே படியேறிப் போன மலை, நாம் ஏற மாட்டோமா என்று ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஒரே மூச்சாக ஏறினேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது முந்நூறாவது படியிலேயே தொடை உதறல் எடுத்துவிட்டது. பூக்காரம்மா ஒருத்தர் தண்ணீர் கொடுத்து, "ஏனுங், கைப்பிடியப் புடிச்சுட்டே பையப் போங்" என்றார். இரண்டு வாரம் முட்டி வலி. இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் கூடுதல் என்று பிறகுதான் சொன்னார்கள். இப்போது வாரம் ஒரு தடவை மெதுவாக, நின்று நின்று ஏறுகிறேன், இறங்க மலைப்பாதை பஸ். மற்ற நாளில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பதினைந்து நிமிடம் தெருவில் நடை. சாப்பிட்ட கையோடு நடந்தால் ஏறுகிற சர்க்கரை அப்படியே கொஞ்சம் மட்டுப்படுவதை மெஷினில் நானே குத்திப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல நினைத்தது வேறு. தசைதான் சர்க்கரையை வாங்கி வைக்கிற குடோன். அது வேலை செய்யும்போது ரத்தத்திலிருந்து தானாகவே சரக்கு எடுத்துக்கொள்கிறது. குடோன் சுருங்கிப்போனால் லோடு வெளியே ரோட்டில்தான் நிற்கும். அப்பா குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்க மிதித்தவர். விடிவதற்கு முன் பாவடித் திடலில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டே எத்தனை நடை நடந்திருப்பார்! அவர் தின்ற உருண்டையும் அறுநூறு கிராம்தான். நான் அந்த உருண்டையை மட்டும் சொத்தாக வாங்கிக்கொண்டு, தறியை விட்டுவிட்டு, சுழல் நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே ஜிம்முக்குக் கட்டிய பணத்தை விடாதே. வாரம் இரண்டு நாள் எடை தூக்கப் போ, போதும். புரத மாவு டப்பா வாங்கப்போவதாக எழுதியிருந்தாய், அந்தக் காசுக்கு எத்தனை கிலோ கொள்ளு வரும் என்று கணக்குப் பார். நான் நாலரைக் கிலோ நூல் கட்டுகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு குடோனுக்குள் நடக்கிறேன். பையன்கள் முதலில் ஓடிவந்து வாங்கப் பார்த்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள்.

ஒன்று மறந்துவிடாதே. உனக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை நீயாக நிறுத்தாதே. நம்மோடு படித்த ஒருவன் ஏதோ கஷாயத்தை நம்பி நிறுத்திவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு நாலு மாதம் படுத்துக் கிடந்தான். யாரென்று நேரில் சொல்கிறேன். எனக்குப் போன மாதம் 6.4. டாக்டரம்மாதான் மாத்திரையைப் பாதியாக்கினார், நான் இல்லை.

கடைசியாக ஒரு சேதி. பின்கட்டில் கிடந்த அப்பாவின் தறியை ஆள் வைத்துச் சரி செய்திருக்கிறேன். பொழுதோட கடை சாத்தியதும் முக்கால் மணி நேரம் மிதிக்கிறேன். நாற்பது வருடம் விட்டுப்போன கால், இரண்டாவது நாளே கெண்டைச்சதை பிடித்துக்கொண்டது. அம்மா புதுக் கண்ணால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, எங்கே இழை விட்டது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒரு போர்வை பாதி வந்திருக்கிறது. இடது ஓரம் கோணல், நடுவில் ஒரு இடத்தில் நாடா தப்பிப் பட்டையாக விழுந்திருக்கிறது. விற்கிற சரக்கு இல்லை. தைப்பூசத் தேருக்கு வா, உனக்குத்தான் அது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்