தொழிலாளர் சட்ட வாசிப்பு வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. மே தினக் கொடியேற்றம் நடந்தது. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போடப்பட்டது.

நியூயார்க் நகரக் காவலர் சங்கத்துக்கு 1999 முதல் 2023 வரை தலைவராக இருந்த பேட்ரிக் லின்ச் பற்றி நான் நடத்திய வாசிப்புத் தொடர் குறித்து முணுமுணுப்பு இருப்பதால் விளக்கம் தேவைப்படுகிறது. 2014 டிசம்பரில் இரண்டு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது மேயர் மீதே ரத்தப் பழி சுமத்தியவர், 2020இல் டிரம்ப்புக்காக மேடையேறியவர், நமக்கு எதற்கு என்கிறார்கள். அப்படிக் கேட்டவர்கள் ஓர் அமர்வுக்கும் வரவில்லை. நாம் படித்தது அவருடைய வாய்வீச்சை அல்ல, ஊதிய ஒப்பந்தங்களை.

அங்கே காவலர் சங்கம் வைக்கலாம்; 1967ஆம் ஆண்டின் டெய்லர் சட்டப்படி வேலைநிறுத்தம்தான் கூடாது. ஒரு நாள் நிறுத்தினால் அந்த நாள் சம்பளத்தோடு இன்னொரு நாள் சம்பளமும் அபராதமாகப் போகும். (இங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியின்றிச் சங்கத்தில் சேரவே காவலரை விடாது.) பேச்சு முறிந்தால் மூவர் நடுவர் குழு: சங்கத்துக்கு ஒருவர், நகரத்துக்கு ஒருவர், பொதுவாக ஒருவர். மற்ற சங்கங்கள் முன்பே ஒப்புக்கொண்ட உயர்வு விகிதத்தை நகரம் அங்கே நீட்டும். 2015இல் லின்ச்சுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 சதவீதம். அடுத்த ஒப்பந்தம் 2017 ஜூலையில் காலாவதியானது. புதியது 2023 ஏப்ரலில்தான் வந்தது. எட்டாண்டுக்கு சுமார் 550 கோடி டாலர் என்றார்கள். அதில் ஐந்தரை ஆண்டுக்கு மேல் கையெழுத்துக்கு முன்பே கழிந்துவிட்டது. மேடை முழக்கம் இதில் எதையும் ஒரு நாள்கூட முந்த வைக்கவில்லை என்பது என் கருத்து.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது சந்தா. அங்கே அது சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. 2005இல் மூன்று நாள் நிறுத்திய போக்குவரத்துச் சங்கத்துக்கு 25 லட்சம் டாலர் அபராதத்தைவிட வலித்தது, அந்தப் பிடித்தத்தை நீதிமன்றம் நிறுத்தி வைத்ததுதான். அதன்பின் ஆள் ஆளாகப் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. நம் பொருளாளர் ஆண்டு முழுக்கச் செய்வது அதைத்தான்.

வரவு செலவு ஏறக்குறைய சமம்; விவரம் பொருளாளரிடம். இடம் தந்தோர், தேநீர் தந்தோர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கான தொடர் தயார். நகல் எடுக்கும் செலவுக்கு வழியில்லை. சந்தாப் பதிவேடு கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும். ரசீதுப் புத்தகமும் உண்டு.

செயலாளர்