பிரித்தால்தான் தெரியும், பிரித்துவிட்டால் கேட்க முடியாது

விற்பனை நிறுத்தப்பட்ட லெகோ செட்களை வாங்கவும் விற்கவும் இடம் தரும் இணையச் சந்தையின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். என் முறையீட்டை நீங்கள் மூன்று முறை தள்ளிவிட்டதால் விவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று பதிலிலும் ஒரே வரி: பெட்டி பிரிக்கப்பட்டுவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

'சீல் உடையாத பெட்டி' என்று விளம்பரம். படங்களில் ஒட்டுநாடா எல்லாம் ஒழுங்காக இருந்தது, வந்த பெட்டியும் அப்படித்தான். எடை போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்டச் சரி. என் மகள் ஆறு வயதில் ஆசைப்பட்ட விண்கலம் அது. அப்புறம் வாங்கலாம் என்று நான் தள்ளிப்போட்டதில் செட் ரிட்டயர் ஆகிவிட்டது. இப்போது அவளுக்குப் பத்து. பிறந்தநாளன்று எண் போட்ட பைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் பையில் வரவேண்டிய விமானி வரவில்லை. நான்காவதைக் கொட்டித் தேடினாள், ஐந்தாவதையும். செட்டில் மொத்தம் ஆறு மினிஃபிகர்கள் (விமானி மாதிரியான குட்டி மனித பொம்மைகள்), ஒன்றுகூட இல்லை. பைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஓரத்தில் கீறி, சூடு காட்டி மறுபடி ஒட்டிய தடம் தெரிந்தது. பெட்டியின் அடி மடிப்பிலும் பசை இரண்டு நிறத்தில் இருந்தது. அவள் அழவில்லை. கையேட்டில் விமானியை உட்காரவைக்கும் பக்கத்தைத் தாண்டிப் போய், காலி இருக்கையோடு கூரையை மூடிவிட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

விற்றவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. "நானும் சீலோடுதான் வாங்கினேன், நாலு வருஷமாக அலமாரியைவிட்டு இறக்கவே இல்லை" என்றார். நம்புகிறேன். அவருக்கு முன்னால் ஒருவர், அவருக்கும் முன்னால் ஒருவர். யாரும் பிரிக்கவில்லை, பிரிக்காமல் இருப்பதற்குத்தானே விலையே. ஆகவே எந்தக் கையில் திருட்டு நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பெட்டி கைமாறக் கைமாற விலை ஏறுகிறது. கடைசியில் விளையாடுவதற்கென்றே வாங்குகிற ஒருவன் பிரிக்கிறான், எல்லோருடைய நஷ்டமும் அவன் தலையில் விழுகிறது.

உங்கள் விதிப்படி, உள்ளே பொருள் குறைந்தால் முறையிடலாம். நாலு வரி தள்ளி, பிரித்த பெட்டிக்கு முறையீடு கிடையாது. பிரிக்காமல் எப்படி எண்ணிப் பார்ப்பது? எக்ஸ்ரே எடுத்து அனுப்பட்டுமா? லெகோ கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரினார்கள். அந்தக் காலத்துக் கட்டை இன்றைய கட்டையோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரே பக்கத்தில் நீங்கள் எழுதிய இரண்டு விதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

அதனால் கேட்கிறேன்: பிரித்த பெட்டிக்கும் முறையீட்டை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவரும் ஏமாற்றலாமே என்பீர்கள். சரி, ஏமாற்றலாம்தான். பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டிவிட்டு, சீலைக் கிழிப்பது முதல் பைகளை எண்ணுவது வரை வெட்டாமல் எடுத்த வீடியோவைக் கேளுங்கள். விற்பவரிடமும் மடிப்புகளின் படத்தைக் கேளுங்கள். எடையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மினிஃபிகர் சில கிராம்தான், ஆனால் பல செட்களில் மதிப்பே அதில்தான் இருக்கிறது. இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணாமல் போன அதே ஆறு பேரும் உங்கள் சந்தையிலேயே தனித்தனியாக விற்பனைக்கு இருக்கிறார்கள். ஆறையும் வாங்கினால் நான் பெட்டிக்குக் கொடுத்ததில் பாதி ஆகிறது. அதற்கும் உங்களுக்குக் கமிஷன் உண்டு, வாழ்த்துகள்.

நானும் இதில் சாமியார் இல்லை. என் அலமாரியிலும் நாலு பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. 1987 முதல் 2015 வரை வந்த செட்களை மாஸ்கோவின் உயர் பொருளியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீத லாபம் என்று சொன்னதைப் படித்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். அவர்கள் கணக்கெடுத்தது பிரிக்காத செட்களின் விலையை. உள்ளே என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்? இப்போது என் நாலு பெட்டியையும் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சந்தேகம்தான் வருகிறது. 2008-இல் வந்த தாஜ்மகால் செட் நிறுத்தப்பட்ட பிறகு விலை எகிறியது; 2017-இல் கம்பெனியே அதைத் திரும்ப வெளியிட்டதும் பதுக்கி வைத்தவர்கள் முகம் தொங்கிப்போனது. அது வியாபாரத்தில் சகஜம், அப்படி நஷ்டப்பட்டால் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டேன். இது திருட்டு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பிரித்த பெட்டிக்கும் முறையீட்டை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். என் பணம் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை, விதியை மாற்றுங்கள். நான்காவது பதிலையும் அதே வரியில் தொடங்குவதாக இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பெட்டியைப் பிரித்துவிட்ட ஒருவன்