சரக்கு ரயிலில் சிறு வியாபாரிக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாகனப் புகையைக் குறைப்பது என்றாலே மின்சார கார், ஸ்கூட்டர் பற்றித்தான் பேசுகிறோம். சரக்கு லாரிகளை மறந்துவிடுகிறோம். 1951இல் நாட்டின் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அகல ரயில் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்ட காலத்தில் இது பெரிய இழப்பு. டன்னுக்குக் கணக்கிட்டால் லாரியைவிட ரயில் வெளியிடும் கரியமில வாயு பல மடங்கு குறைவு.

ஆனால் நாற்பது, ஐம்பது வேகன்களை மொத்தமாக நிரப்ப நிலக்கரி, சிமெண்ட் கம்பெனிகளால்தான் முடியும். இருபது டன் அரிசி அனுப்பும் எங்கள் ஊர் மண்டிக்காரர் லாரி புக்கிங் ஆபீசுக்குத்தான் போகிறார். நேரம் தவறாமல் கிளம்பும் கன்டெய்னர் ரயில்களில் அவருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அப்புறம், கூட்ஸ் ஷெட்டிலிருந்து கடைவாசல்வரை சேர்க்கும் பொறுப்பையும் ரயில்வேயே ஏற்க வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்